கட்டம் போட்ட சரித்திரம்

ஸ்காட்லாந்து என்றால் உடனே என்ன ஞாபகம் வருகிறது என்று தெரிந்தவர்கள் நாலு பேரைக் கேட்டுப் பார்த்தேன்.

'விஸ்கி' என்றார் முதலாமவர், கேள்வி முடிவதற்குள். 'பாவாடை கட்டின ஆம்பிளைங்க' என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் 1995ல் வந்த 'பிரேவ்ஹார்ட்' படத்தை ஆறு தடவை பார்த்தவர். மெல் கிப்ஸன் போடும் போர்க் கூச்சலை பஸ் ஸ்டாப்பிலேயே போட்டுக் காட்டினார். இரண்டு பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். நாலாமவர் நிறைய யோசித்து, 'ஸ்காட்லாந்து யார்டு' என்றார். அது லண்டனில் இருக்கிறது என்று சொன்னதிலிருந்து என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

தப்பு இவர்கள் மேல் இல்லை. அந்த தேசமே பிஸ்கட் டின், காலண்டர், விஸ்கி பாட்டில் எல்லாவற்றிலும் கட்டம் போட்ட துணியை ஒட்டித் தன்னை விற்றுக்கொண்டிருக்கிறது. துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் புத்தகம்தான் கதி.

நான் பி.காம். சரித்திரத்தோடு எனக்கு இருந்த தொடர்பு பத்தாம் வகுப்பில் சுமுகமாக முடிந்துபோனது. பிறகு திருவல்லிக்கேணி பிளாட்பாரக் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்காட்லாந்து சரித்திரப் புத்தகம் ஒன்றைப் பார்த்தேன். அட்டையில் கட்டம் போட்ட துணி இருந்ததால் கடைக்காரர் அதைத் தையல் கலைப் புத்தகங்களோடு அடுக்கியிருந்தார். அறுபது ரூபாய். அதில் பிடித்தது பைத்தியம். காரணம், அதில் ராஜா ராணியைவிட அதிகமாகக் கடன், வாடகை, குத்தகை, பார்ட்னர்ஷிப் எல்லாம் வந்தது. நம்ம சப்ஜெக்ட்!

அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்ததில் எனக்குத் தட்டுப்பட்டது ஒன்றுதான். அந்த ஊர் சரித்திரத்தை மூன்று விதமான ஆட்கள் வைத்திருந்தார்கள். கதை எழுதினவர், கணக்கு எழுதினவர், எழுதப் படிக்க வழியில்லாமல் வாயால் சொன்னவர். இதில் மூன்றாவது ஆள் கடைசியில் சட்டத்தையே மாற்றிவிட்டார். அந்த விவகாரத்துக்கு நம்ம மெட்ராஸோடு ஒரு சம்பந்தம்கூட உண்டு. வரிசையாகச் சொல்கிறேன்.

*

கதை எழுதினவர் ஸர் வால்டர் ஸ்காட். 1771ல் எடின்பரோவில் பிறந்தவர். ஒன்றரை வயசில் இளம்பிள்ளை வாதம், வலது கால் போயிற்று. நல்ல காற்று வேண்டும் என்று தாத்தாவின் பண்ணைக்கு அனுப்பினார்கள். ஓடியாட முடியாத பிள்ளைக்குப் பாட்டியும் அத்தையும் கதை சொன்னார்கள். எல்லைப்புறத்தில் மாடு திருடியவன், திருடப் போய்த் தூக்கில் தொங்கியவன் கதைகள்தான். குழந்தைக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

வளர்ந்து வக்கீலானார். எடின்பரோ மேல் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. குமாஸ்தா என்றதும் மேஜையும் மூக்குப்பொடியும் நினைக்காதீர்கள். வருஷத்துக்கு 1,300 பவுண்டு சம்பளம், பெரிய கௌரவம். அப்படிப்பட்டவர் நாவல் எழுதுவது அந்தஸ்துக்குச் சரிவராது என்பதால் 1814 ஜூலையில் 'வேவர்லி' என்ற முதல் நாவலைப் பேர் போடாமலே வெளியிட்டார். அதற்கு அறுபத்தொன்பது வருஷம் முன்னால், 1745ல், மலைநாட்டுக்காரர்கள் ஓர் இளவரசனுக்காகக் கலகம் செய்து தோற்ற கதை. முதல் ஆயிரம் பிரதிகள் சில வாரத்தில் காலி. அடுத்தடுத்த நாவல்களில் 'வேவர்லி எழுதியவர்' என்று மட்டும் போட்டார். பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். இருந்தாலும் 1827 வரைக்கும் அவர் பகிரங்கமாக ஒப்புக்கொள்ளவில்லை. வாரா வாரம் குதிரைக் குளம்படிச் சத்தத்தோடு நம்ம வீடுகளில் படித்த சரித்திரத் தொடர்கதைகளுக்கெல்லாம் அவர் தூரத்துத் தாத்தா முறை.

இதுவரை இலக்கியம். இனி காமர்ஸ்.

ஸ்காட்டுக்கு இன்னொரு ரகசியமும் இருந்தது. பள்ளிக்கூட சிநேகிதர் ஜேம்ஸ் பாலன்டைனின் அச்சகத்தில் 1805லிருந்து அவர் ஸ்லீப்பிங் பார்ட்னர். பார்ட்னர்ஷிப் பாடத்தில் வாத்தியார் முதலில் சொல்வது இதுதான்: தூங்குகிற பார்ட்னரைக் கடன்காரன் எழுப்புவான். பொறுப்புக்கு எல்லை கிடையாது. கட்டின வேட்டி வரைக்கும் (அங்கே கட்டின பாவாடை வரைக்கும்) கணக்கில் சேரும்.

அச்சகமும், கான்ஸ்டபிள் என்ற பதிப்பாளரும் (போலீஸ் இல்லை, பேரே அப்படி) ஒருத்தருக்கொருத்தர் பில்லில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துப் பணம் புரட்டினார்கள். நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன் கதை. இன்னும் எழுதாத நாவலுக்கு ஸ்காட் அட்வான்ஸ் வாங்கினார். எதற்கு? 1811ல் ட்வீட் நதிக்கரையில் ஒரு பண்ணை வாங்கியிருந்தார். அக்கம்பக்கத்தார் அந்த இடத்துக்கு வைத்திருந்த பட்டப் பேர் 'சேற்றுப் பொந்து'. ஸ்காட் அதை அபட்ஸ்ஃபோர்டு என்று மாற்றி, கோபுரம், கவசம், வாள், லைப்ரரி என்று அரண்மனையே கட்டிக்கொண்டிருந்தார். வீடு கட்டினவர்களுக்குத் தெரியும். எஸ்டிமேட் என்பது ஒரு புனைகதை.

1825 கடைசியில் லண்டன் பணச் சந்தை சரிந்தது. 1826 ஜனவரியில் கான்ஸ்டபிளின் லண்டன் ஏஜெண்டுகள் விழுந்தார்கள். அவர்கள் மேல் சாய்ந்திருந்த கான்ஸ்டபிள் விழுந்தார். அவர் மேல் சாய்ந்திருந்த அச்சகம் விழுந்தது. ஸ்காட் தலையில் வந்து நின்ற கடன் சுமார் 1,20,000 பவுண்டு. கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். கோர்ட் சம்பளத்தில் ஒரு பைசா செலவழிக்காமல் கட்டினால் 92 வருஷம். அவருக்கு அப்போது வயசு 54.

மஞ்சக் கடுதாசி கொடுத்திருக்கலாம். சட்டம் இடம் கொடுத்தது, சிநேகிதர்கள் பணம் தர முன்வந்தார்கள். வேண்டாம் என்றார். சொத்தையெல்லாம் ஒரு டிரஸ்டிடம் ஒப்படைத்துவிட்டு, எழுதி அடைக்கிறேன் என்று உட்கார்ந்தார். அந்த மே மாதம் மனைவி இறந்துபோனார். எழுதினார். நெப்போலியன் வாழ்க்கை ஒன்பது பாகம். நாவல்கள். பேரனுக்குச் சொல்கிற மாதிரி ஸ்காட்லாந்து சரித்திரம். இரண்டு வருஷத்தில் கடன்காரர்களுக்காக அவர் பேனா சம்பாதித்தது ஏறக்குறைய 40,000 பவுண்டு. பிறகு பக்கவாதம் வந்தது, அப்போதும் எழுதினார். 1832ல் இறந்தார். மிச்சத்தை இன்ஷூரன்ஸும் காப்பிரைட்டும் அடைத்தன. கணக்கு கடைசியாக நேரானது 1847ல்.

இந்த ஏழு வருஷமும் அவர் டயரி எழுதியிருக்கிறார். பின்னால் புத்தகமாக வந்தது. என்னைக் கேட்டால் அவருடைய நாவல்களைவிட அதுதான் உயர்த்தி. கவசம் மாட்டின வீரன் யாரும் கிடையாது. ராத்திரி தூக்கம் வராத மனுஷர் ஒருத்தர், காலையில் இத்தனை பக்கம் எழுதியாக வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். நான் அதைப் படித்தது இ.எம்.ஐ. கட்ட வேண்டிய தேதிக்கு முந்தின ராத்திரி. டி.வி. பேட்டிகளில் வரும் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு எதுவும் அந்த அளவுக்குத் தெம்பு கொடுத்ததில்லை.

ஒரு வேடிக்கை. அவர் திவாலான அடுத்த சில வாரங்களில், லண்டன் அரசாங்கம் சின்ன நோட்டுகளை ஒழிக்கப் பார்த்தது. ஸ்காட்லாந்து பாங்குகள் அச்சடிக்கும் ஒரு பவுண்டு நோட்டும் அதில் அடக்கம். ஸ்காட் புனைபேரில் பத்திரிகைக்குக் காரசாரமாகக் கடிதங்கள் எழுதி அதைத் தடுத்தார். கையில் நோட்டே இல்லாதவர் நோட்டைக் காப்பாற்றினார். பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டுகளில் அவர் முகம்தான் இருக்கிறது. கடனைத் திருப்பிக் கட்டினவர் படத்தை பாங்க் போட்டிருப்பதில் ஓர் எதிர்பார்ப்பும் இருக்கலாம்.

*

பாவாடைக்கு வருவோம்.

1746ல் கல்லோடன் என்ற இடத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாத சண்டையில் மலைநாட்டுப் படை ஒழிந்தது. ஜெயித்தவர்கள் மலைநாட்டு உடைக்குத் தடை போட்டார்கள். ஆண்கள் கட்டம் போட்ட துணி கட்டினால் ஆறு மாசம் ஜெயில். இரண்டாவது தடவை கட்டினால் ஏழு வருஷம் நாடு கடத்தல். தடை 1782ல்தான் நீங்கியது.

நாற்பது வருஷம் கழித்து, 1822 ஆகஸ்டில், நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தார். கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டில் அங்கே காலடி வைத்த முதல் ராஜா. விழா ஏற்பாடு ஸ்காட் பொறுப்பு. நாவலில் செய்ததைத் தெருவில் செய்தார். தலைவர்கள் எல்லோரும் கட்டம் போட்ட துணியில் வாருங்கள் என்றார். மன்னரே பாவாடை கட்டினார், உள்ளே தோல் நிறத்தில் காலுறையோடு. மன்னரின் சுற்றளவு பிரசித்தம். அந்த டிரஸ்ஸுக்கு வந்த பில் 1,354 பவுண்டு 18 ஷில்லிங். அதாவது ஸ்காட்டின் ஒரு வருஷச் சம்பளம், சில்லறை மேலே.

மன்னர் குடித்த கிளாஸை ஸ்காட் ஞாபகார்த்தமாகக் கேட்டு வாங்கிக் கோட் வால் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் கவிஞர் கிராப் வந்து காத்திருந்தார். சந்தோஷத்தில் ஸ்காட் 'வாங்க வாங்க' என்று உட்கார்ந்தார், கிளாஸ் மேலேயே.

அன்றைக்குக் கட்டின துணிதான் பிஸ்கட் டின் வரைக்கும் வந்திருக்கிறது. தடை செய்தபோது அது மலைநாட்டுக்காரன் துணி. விழா முடிந்தபோது முழு தேசத்துக்கும் யூனிஃபாரம். இந்தக் குட்டை அங்கியே ஓர் இங்கிலீஷ் இரும்பு வியாபாரி கண்டுபிடித்தது என்று ஹியூ ட்ரெவர்-ரோப்பர் என்ற ஆக்ஸ்ஃபோர்டு சரித்திரக்காரர் 1983ல் ஒரு கட்டுரை எழுதி ஸ்காட்லாந்துக்காரர்களைக் கொதிக்கவைத்தார். சண்டை இன்னும் ஓயவில்லை. போலிப் பாரம்பரியத்தை அம்பலப்படுத்தின இதே மேதைதான் அதே 1983ல் ஹிட்லரின் போலி டயரிகளை அசல் என்று முதலில் சர்டிஃபிகேட் கொடுத்தவர்.

சிரித்தாயிற்றா? இனிமேல் சிரிக்க அதிகமில்லை.

*

'வேவர்லி' வெளியான 1814 ஜூலைக்குச் சரியாக ஒரு மாசம் முன்னால், ஸ்காட்லாந்தின் வடகோடியில் சதர்லாந்து ஜில்லா, ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வேறொரு காரியம் நடந்தது. நிலம் முழுக்க ஒரு பிரபுக் குடும்பத்துக்குச் சொந்தம். பரம்பரையாகப் பயிர் செய்கிற குடிகள் கொடுக்கும் வாடகையைவிட, தெற்கேயிருந்து வரும் செவியட் ஆட்டுப் பண்ணைக்காரர் கொடுக்கும் குத்தகை மிக அதிகம். கணக்கு எழுதுகிறவனுக்கு விடை சுலபம். ஆட்களை எடு, ஆட்டை விடு. குடிகளுக்குக் கடலோரத்தில் துண்டு துண்டாகக் கல்லாங்காடு. மீன் பிடித்துப் பிழைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கடலைப் பார்த்தே பழக்கமில்லாதவர்களிடம்.

எஸ்டேட் ஏஜெண்ட் பேர் பாட்ரிக் செல்லர், வக்கீல். அந்த ஆட்டுப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்ததும் இதே செல்லர்தான். காலி செய்கிறவரும் அவரே, குடிவருகிறவரும் அவரே. இன்றைக்கு ஆடிட் ரிப்போர்ட்டில் 'ரிலேட்டட் பார்ட்டி' என்று அடிக்குறிப்புப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். அன்றைக்கு வீட்டுக் கூரையை எரித்தார்கள். உத்தரம் கிடைத்தால் திரும்பவும் கட்டிக்கொள்வார்கள் அல்லவா? அப்படி ஒரு வீடு எரிந்தபோது உள்ளேயிருந்து தூக்கி வெளியே போடப்பட்ட, நூறு வயதை நெருங்கிய கிழவி ஐந்தாம் நாள் இறந்துபோனாள் என்று வழக்கு. 1816 ஏப்ரலில் இன்வர்னஸ் கோர்ட்டில் விசாரணை. ஜூரிகள் பெரும்பாலும் நிலமும் வசதியும் உள்ளவர்கள். பதினைந்து நிமிஷம் கூடிப் பேசினார்கள். செல்லர் நிரபராதி.

ஸ்காட்டுக்கு மலைநாடு காலியாவது தெரியாமல் இல்லை. 1816ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் வருத்தப்பட்டே எழுதியிருக்கிறார். ஆனால் 1822 ஊர்வலத்தில் முழு ஜோடனையோடு வந்து நின்ற க்ளென்காரி தலைவரும் தன் குடிகளை வெளியேற்றினவர்தான். சனங்கள் போய்விட்டார்கள். துணி மட்டும் ஊர்வலம் வந்தது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. பி.காம். முடித்ததும் மூன்று வருஷம் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்த்தேன். கொங்குப் பக்கம் ஒரு மில்லை மூடினார்கள். கடைசிக் கணக்கைச் சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். பச்சைப் பென்சிலால் டிக் அடிக்கிற வேலை. ஆட்களுக்குக் கொடுத்து அனுப்பின பணம் லெட்ஜரில் ஒரே வரியாக இருந்தது. 'தொழிலாளர் தீர்வு, 43 நபர்கள்', எதிரே ஒரு தொகை. வவுச்சரும் சரி, கூட்டலும் சரி. டிக் அடித்தேன்.

டீ கொண்டுவந்த வயசான வாட்ச்மேன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

'இதுல எம்பேரு எங்கீங்க தம்பி இருக்குது?'

'பேரெல்லாம் இல்லீங்கய்யா. மொத்தமாப் போட்டிருக்காங்க.'

'எத்தன வருசம்னாச்சும்?'

'இல்லீங்க.'

அவர் கோபப்படவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். எந்த மெஷினில் யார் நின்றார்கள். யாருக்கு விரல் போனது. எந்த ராத்திரி ஷிஃப்டில் யார் பாடினால் யாருக்கும் தூக்கம் வராது. ஒரு தீபாவளிக்கு போனஸ் தராமல் பூசணிக்காய் உடைத்துவிட்டு அனுப்பினது. நாற்பத்து மூன்று பேரில் முப்பது பேராவது அன்று அந்த ரூமுக்குள் வந்துபோனார்கள். ஒன்றரை மணி நேரம். சீனியர் வந்து, 'என்னய்யா, இன்னும் ஒரு பக்கம்கூட முடியலையா?' என்றார். முடியவில்லைதான். கேட்டதை எழுத அந்த லெட்ஜரில் காலம் கிடையாது.

*

ஸ்ட்ராத்நேவரில் அந்தக் காலத்தை ஒரு கல் கொத்தனார் போட்டார். டொனால்டு மக்லவுட். 1819ல் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு மேட்டின் மேல் ஏறி நின்று, எரிகிற வீடுகளை எண்ணினதாக எழுதுகிறார். 250. அவரும் கணக்குதான் எழுதினார், எதிர்ப் பக்கத்தில். 1840லிருந்து எடின்பரோ பத்திரிகை ஒன்றில் கடிதங்களாக எழுதினார். பிறகு கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

1854ல் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் என்ற அமெரிக்க அம்மாள் ஒரு பயண நூல் வெளியிட்டார். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதி அடிமைகளுக்காகக் கண்ணீர் விடவைத்த அதே அம்மாள். பிரிட்டன் வந்தபோது சதர்லாந்து சீமாட்டி அவருக்குத் தடபுடலாக விருந்து வைத்தார். 'வெயிலான ஞாபகங்கள்' என்கிற மாதிரித் தலைப்பிட்ட அந்தப் புத்தகத்தில், சதர்லாந்தில் நடந்தது முன்னேற்றம் என்று எழுதிவிட்டார். கனடாவில் அதைப் படித்த கொத்தனார் 1857ல் தன் பதிலைப் புத்தகமாகப் போட்டார். தலைப்பு 'இருண்ட ஞாபகங்கள்'. உலகப் புகழ் நாவலாசிரியைக்குக் கொத்தனார் கொடுத்த மறுப்பு. அது இன்னமும் படிக்கப்படுகிறது.

நூறு வருஷம் கழித்து ஜான் ப்ரெபிள் வந்தார். இங்கிலாந்தில் பிறந்து, கனடாவில் ஸ்காட்லாந்துக் குடியேறிகள் மத்தியில் வளர்ந்த பத்திரிகைக்காரர். 1961ல் கல்லோடன் பற்றியும், 1963ல் இந்த வெளியேற்றங்கள் பற்றியும் எழுதினார். ராஜாக்களை விட்டுவிட்டுச் சிப்பாயையும் குடியானவனையும் பின்தொடர்ந்து எழுதுகிற தினுசு. சனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பேராசிரியர்கள் மூக்கைச் சுளித்தார்கள். உணர்ச்சி ஜாஸ்தி, ஆதாரம் கம்மி என்றார்கள். அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஜேம்ஸ் ஹன்டர் 1976ல் குடியானவர் தரப்பிலிருந்தே ஆதாரம் திரட்டி எழுதினார். எரிக் ரிச்சர்ட்ஸ் 1999ல் செல்லரைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார், அந்த மனுஷனின் தலைக்குள் என்ன ஓடிற்று என்று.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது டாம் டிவைன் 2018ல் எழுதினது. தெற்கே சமவெளியிலும் இதே மாதிரி குடியானவர்கள் நிலத்திலிருந்து எடுக்கப்பட்டார்கள், மலைநாட்டுக்கு முந்தியே என்கிறார். அது ஏன் யாருக்கும் ஞாபகமில்லை? கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமில்லாமல், குத்தகை முடிய முடிய நடந்தது. பக்கத்து ஊர்களிலேயே வேறு வேலை கிடைத்தது. பாட்டு இல்லை, கொத்தனார் இல்லை, ஆகவே கதையும் இல்லை. நடந்ததே அழிந்துபோயிற்று.

கதை என்றால் பொழுதுபோக்கு என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

*

வாயால் சொன்னவர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா?

ஸ்காட் இளவயசில் எல்லைப்புறத்துக் கதைப்பாடல்களைத் தேடித் தேடி எழுதி 1802ல் புத்தகமாகப் போட்டார். எட்ரிக் பகுதியில் மார்கரெட் லெய்ட்லா என்ற அம்மாளிடம் பாட்டு வாங்கப் போனார். ஆடு மேய்த்துக் கவிஞரான ஜேம்ஸ் ஹாக்கின் தாயார். அச்சில் வந்ததைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் நேருக்கு நேராகத் திட்டினதை மகன் எழுதிவைத்திருக்கிறார். இதெல்லாம் பாடுவதற்கு, படிப்பதற்கு இல்லை. அச்சடித்துக் கெடுத்துவிட்டீர்கள், எழுத்தும் சரியில்லை, அமைப்பும் சரியில்லை என்று. ஸ்காட்டுக்குக் கிடைத்த மிகச் சுருக்கமான விமரிசனம்.

1860ல் ஜே.எஃப். கேம்பெல் மேற்குத் தீவுகளின் கேலிக் மொழிக் கதைகளைத் தொகுத்து வெளியிட ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் நாலு பாகம். அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். கதை சொன்னவர் பேர், ஊர், தொழில் எல்லாவற்றையும் கூடவே போட்டார். மீனவர், கூலியாள், ஊர் ஊராகப் போய்த் தகரம் அடிக்கிறவர். என் வாட்ச்மேன் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

1951ல் எடின்பரோ யுனிவர்ஸிடி இதற்கென்றே ஓர் ஆராய்ச்சிப் பள்ளி ஆரம்பித்து, டேப் ரிக்கார்டரோடு ஆட்களை அனுப்பியது. ஹேமிஷ் ஹென்டர்சன் 1953ல் அபர்டீனில் ஜீனி ராபர்ட்சன் என்ற நாடோடி இனத்துப் பெண்மணியைக் கண்டுபிடித்தார். ஊர் ஒதுக்கிவைத்த சனத்திடம் பாட்டும் கதையும் குவிந்து கிடந்தன. 1968ல் அந்த அம்மாளுக்கு அரசாங்கம் பட்டம் கொடுத்தது. அந்த ஒலிநாடாக்களில் ஏராளமானவை இப்போது இணையத்தில் இருக்கின்றன. மொழி புரியாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். நடுவில் யாரோ இருமுவார்கள், அடுப்பில் எதையோ கிளறுவார்கள். மார்கரெட் அம்மாளின் புகாருக்கு நூற்றைம்பது வருஷம் கழித்துப் பதில்.

*

மெட்ராஸ் சம்பந்தம் என்றேனே, இதோ.

1882ல் ஸ்கை தீவில் பிரேஸ் என்ற இடத்தில், மேய்ச்சல் நிலத்தைப் பறிகொடுத்த குடியானவர்கள் வாடகை தரமாட்டோம் என்றார்கள். கிளாஸ்கோவிலிருந்து போலீஸ் வந்தது. பெண்களும் சேர்ந்து கல்லால் அடித்தார்கள். அரசாங்கம் அடுத்த வருஷம் ஒரு கமிஷன் போட்டது. தலைவர் நேப்பியர் பிரபு. மார்கரெட் அம்மாளின் எட்ரிக் பக்கத்து ஆள். 1866லிருந்து 1872 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர்.

கமிஷன் என்றால் ஃபைலைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதுவதுதானே வழக்கம்? இவர்கள் தீவு தீவாகப் போய் உட்கார்ந்தார்கள். முதல் அமர்வு 1883 மே 8, கலவரம் நடந்த அதே பிரேஸில். முதல் சாட்சி ஆங்கஸ் ஸ்டுவர்ட் என்ற குடியானவர். பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வாக்குறுதி கேட்டார். உண்மையைச் சொன்னதற்காக என்னை நிலத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது. அதைக் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசினார்.

அந்தக் கேள்வியே பாதி சாட்சியம். நாம் ஆபீஸில் எத்தனை மீட்டிங்கில் அதைக் கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்!

அவருக்குப் பின்னால் எழுநூறு பேருக்கு மேல் வந்தார்கள். நிறையப் பேர் கேலிக்கில் சொல்லச் சொல்ல மொழிபெயர்த்து எழுதினார்கள். தான் பட்டதோடு, அப்பன் பட்டது, பாட்டன் சொன்னது, எந்த ஊரில் எத்தனை வீடு இருந்தது, யார் எந்தக் கப்பலில் போனார்கள் எல்லாம். கிழவிகள் அடுப்படியில் சொன்ன கதைகள் கேள்வி நம்பர் போட்டு, சாட்சி பேர் போட்டு, நாலு பெரிய வால்யூமாக அச்சில் ஏறின. 1884ல் ரிப்போர்ட். 1886ல் சட்டம். வாடகையை ஒழுங்காகக் கட்டுகிற குடியானவனை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது, நியாய வாடகையைத் தனி ஆணையம் தீர்மானிக்கும், நிலத்தை வாரிசுக்கு விடலாம். நேப்பியர் சொன்னபடியே எல்லாம் வந்துவிடவில்லை. பறிபோன பள்ளத்தாக்குகள் திரும்பவும் இல்லை. ஸ்ட்ராத்நேவரில் இன்றும் இடிந்த கல் சுவர்கள்தான் நிற்கின்றன. ஆனால் அதற்கப்புறம் ஒரு செல்லர் வந்து கூரையைக் கொளுத்திவிட்டுப் பதினைந்து நிமிஷத்தில் வெளியே வர முடியவில்லை.

மெட்ராஸில் கவர்னராக இருந்தபோது நேப்பியர் ஒரு பாலம் கட்டினார், 1869ல். அது உங்களுக்குத் தெரியும். கடற்கரைச் சாலையில் கூவம் கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறதே, அந்த நேப்பியர் பாலம்தான். இப்போது வளைவு வளைவாக நிற்பது பின்னால் திரும்பக் கட்டினது, பேர் மட்டும் அவருடையது. அடுத்த தடவை பஸ் அதன் மேல் ஏறும்போது வழக்கம்போல மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். காது சும்மாதானே இருக்கிறது? பக்கத்து சீட்டுப் பெரியவர் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கேளுங்கள். பேரையும் ஊரையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாலம் தாண்டினதும் மூக்கை விட்டுவிடலாம்.